ரத்தம் இல்லை, கல்லா இருக்கிறது

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில், கணினி சொல்லித் தருகிற என்னைத் தேடி யாராவது ஒருவர் வருவார். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “சார், பாப்பாவுக்கு நாலு வயசு ஆகுது. சண்டை கிண்டை இல்லாம, படிப்புக்கு உதவுற மாதிரி ஒரு நல்ல கேம் சொல்லுங்க. ஃப்ரீயா இருந்தா நல்லது.”

நம் ஊரின் பொதுக்கருத்து முழுசாக இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சண்டை கூடாது. படிப்பு வேண்டும். காசு ஆகக் கூடாது. மூன்றும் பொருந்திவிட்டால் பிள்ளை கையில் நிம்மதியாகக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். கோடை விடுமுறைக்கு வார இதழ்கள் போடும் ‘குழந்தைகளுக்கான பத்து கேம்கள்’ பட்டியலும், பள்ளி வாட்ஸாப் குழுவில் சுற்றும் சிபாரிசுகளும், விவரம் தெரிந்த சித்தப்பாவின் அறிவுரையும் இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன.

எனக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட உடன்பாடு இல்லை. மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டு தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எப்படிச் சம்பாதிக்கிறது என்பதுதான். கல்லா எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அந்த விளையாட்டு பிள்ளையை எப்படி நடத்தும் என்பதில் முக்கால்வாசி தெரிந்துவிடும். திரையில் வருவது முயலா முதலையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சண்டையை முதல் அளவுகோலாக வைத்தது நாம் அல்ல. அது அமெரிக்காவிலிருந்து வந்தது. 1993 டிசம்பரில் அந்நாட்டு செனட்டில் ஜோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் என்ற இரு உறுப்பினர்கள் முன்னின்று விசாரணை நடத்தினார்கள். ‘மார்ட்டல் காம்பட்’, ‘நைட் டிராப்’ ஆகிய விளையாட்டுகளின் வன்முறைதான் பேச்சு. அரசு சட்டம் போடுவதற்குள் விளையாட்டுத் தொழில்துறை முந்திக்கொண்டு, 1994-இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற தரமிடும் அமைப்பைத் தானே தொடங்கியது. ஐரோப்பாவில் 2003-இல் பெகி என்ற தரமிடும் முறை வந்தது. அட்டைப்பெட்டியின் மூலையில் எந்த வயதுக்கு என்று போடும் வழக்கம் இப்படித்தான் நிலைபெற்றது. ரத்தம் எவ்வளவு, கெட்ட வார்த்தை எவ்வளவு, ஆடைக்குறைப்பு எவ்வளவு என்று எண்ணிப் போட்ட வயது அது.

அந்தக் காலத்துக்கு அது நியாயமான அளவுகோல். அன்று விளையாட்டு ஒரு பெட்டிக்குள் வந்தது. கடையில் பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டால் வியாபாரம் அத்தோடு முடிந்தது. வாங்கியவர் அதை ஒரு நாள் ஆடினாலும் ஒரு வருடம் ஆடினாலும் தயாரித்தவருக்கு ஒரே வரவுதான். ஆகவே பெட்டிக்குள் என்ன காட்சி இருக்கிறது என்பது மட்டுமே கேட்கத் தகுந்த கேள்வியாக இருந்தது. பிறகு போன் வந்தது, இலவச விளையாட்டு வந்தது, கல்லா கடையிலிருந்து கிளம்பி விளையாட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. தரமிடுகிறவர்கள் அதைக் கவனிக்க எடுத்துக்கொண்ட காலத்தைப் பாருங்கள்: ‘உள்ளே வாங்கும் வசதி உண்டு’ என்ற எச்சரிக்கையை ஈ.எஸ்.ஆர்.பி. எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவாகப் போடத் தொடங்கியது 2018-இல்.

நம் போனில் பிளே ஸ்டோர் காட்டும் ‘3+’ என்ற குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை ‘மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏற்றது’ என்று படிக்காத பெற்றோரை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. உண்மையில் அது, செயலியைச் செய்தவரே நிரப்பித் தரும் ஒரு கேள்வித்தாளிலிருந்து கணக்கிடப்படும் குறி. வன்முறை, பாலியல், போதைப்பொருள், சூதாட்டம் போன்றவை இருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் 3+. உங்கள் வங்கியின் செயலியைத் திறந்து பாருங்கள். அதிலும் 3+ என்றுதான் போட்டிருக்கும். மூன்று வயதுப் பிள்ளை பணம் அனுப்பலாம் என்று அதற்குப் பொருளில்லையே.

வன்முறையே பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வயது வந்தவர்களுக்கானது. ஒன்றாம் வகுப்புப் பையன் கையில் ‘ஃப்ரீ ஃபயர்’ இருப்பதை நியாயப்படுத்தவும் வழியில்லை. அதில் யாரோடும் வாதாட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பெற்றோர் தள்ளி வைப்பது அவற்றை மட்டுமா? யாராவது யாரையாவது துரத்தினாலோ, அடித்தாலோ, விழுங்கினாலோ போதும், “ஐயோ, இது சண்டை கேம்” என்று அழித்துவிடுகிறார்கள். நம் பாட்டிமார் திண்ணையில் கட்டம் கீறி ஆடிய ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிகள் பதினைந்து ஆடுகளைத் தாவித் தாவிக் கொல்லப் பார்க்கும். ஆடுகள் கூட்டம் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கும். அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுச் சண்டையும் நிஜச் சண்டையும் வேறு வேறு என்று நன்றாகவே தெரியும். தனக்கு முன்னால் நீட்டப்படுவது விளையாட்டா வியாபாரமா என்பதுதான் தெரியாது.

தெரியாது என்பதை யூகமாகச் சொல்லவில்லை. எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு, விளம்பரம் என்பது தம்மை ஒன்றைச் செய்யத் தூண்டுவதற்காகப் போடப்படுவது என்று புரிந்துகொள்ளும் மன வளர்ச்சி இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இலேயே அறிக்கை தந்தது. அது தொலைக்காட்சியை மனதில் வைத்து எழுதியது. போன் அதைவிட ஒரு படி மேலே போய்விட்டது.

துளி ரத்தம் இல்லாத விளையாட்டுகளின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். 2010-இல் ‘ஸ்மர்ஃப்ஸ் வில்லேஜ்’ என்று ஒன்று வந்தது. நீல நிறத்தில் குட்டி மனிதர்கள், காளான் வீடு, பயிர் வைத்தல், அறுவடை. நம் மூன்று நிபந்தனைகளில் சண்டை இல்லை, காசும் இல்லை. தோட்டம் போடக் கற்றுக்கொள்கிறாள் என்று படிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். அதில் பயிர் சீக்கிரம் விளைய ‘ஸ்மர்ஃப்பெர்ரி’ என்ற பழம் வேண்டும். பழத்துக்கு நிஜப் பணம். எட்டு வயது அமெரிக்கச் சிறுமி ஒருத்தி 1,400 டாலருக்குப் பழம் வாங்கிய செய்தி 2011 தொடக்கத்தில் பத்திரிகைகளில் வந்தது. அப்போது ஐபோனில் ஒரு முறை பாஸ்வேர்டு அடித்தால் அடுத்த 15 நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது. அம்மா அடித்துக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போவார். அந்தக் கால் மணி நேரம் பிள்ளையின் விரல் எதைத் தொட்டாலும் செலவு. இந்த மாதிரி வசூலுக்காக 2014-இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் பெற்றோருக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் பிடித்துக் கேட்ட பிறகு.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் ‘ஃபோர்ட்நைட்’. அது துப்பாக்கி விளையாட்டு. பெற்றோர் எதிர்ப்பதெல்லாம் அந்தத் துப்பாக்கியைத்தான். 2022 டிசம்பரில் அதே ஆணையம் அதைத் தயாரிக்கும் எபிக் நிறுவனத்தின் மீது 52 கோடி டாலர் விதித்தது. அதில் துப்பாக்கிக்கு ஒரு டாலர்கூட இல்லை. 27.5 கோடி, பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியில்லாமல் எடுத்ததற்கு. 24.5 கோடி, தெரியாமல் விரல் பட்டாலே வாங்கிவிடும்படி பொத்தான்களை அமைத்து ஏமாற்றியதற்கு. நாம் வாசலில் துப்பாக்கியைத் தடுத்துக்கொண்டு நிற்கும்போது கொல்லைப்புறமாக நடந்தது இதுதான்.

“சார், இது அமெரிக்கக் கதை. நம்ம ஊர்ல ஓடிபி கேக்குமே, யூபிஐ பின் கேக்குமே” என்பார்கள். சரிதான். நம் ஊர்ப் பிள்ளை அவ்வளவு எளிதில் பணத்தைக் கட்டிவிட முடியாது. அதனாலேயே இங்கே கல்லா வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளையின் நேரத்தை விளம்பரதாரருக்கு விற்கிறார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜென்னி ரடெஸ்கியும் உடனிருந்தவர்களும் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கான 135 செயலிகளை எடுத்து ஆடிப் பார்த்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு வகை விளம்பரம் இருந்தது. ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வரும் வீடியோ, பூட்டுப் போட்ட பொம்மைகள், கதாபாத்திரமே வந்து வாங்கச் சொல்வது எனப் பல வகை. ‘டாக்டர் கிட்ஸ்’ என்ற செயலியில், உள்ளே இருக்கும் கடையை எதுவும் வாங்காமல் பிள்ளை மூடினால் அந்தக் கார்ட்டூன் டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அழ ஆரம்பித்துவிடுவார். நாலு வயதுப் பிள்ளை, தன்னால் ஒருவர் அழுகிறார் என்று நம்பும். சண்டை இல்லாத கேம் என்று நாம் கொடுத்தது இது. ஒரு பொம்மை இன்னொரு பொம்மையைக் குத்துவதைவிட இந்த அழுகை எனக்கு ஆபாசமாகப் படுகிறது.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் கண்காணித்துப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. ஆனால் போன் அப்பாவுடையது, கணக்கு அப்பாவுடையது. அந்தச் செயலிக்குத் தெரிந்தவரை ஆடிக்கொண்டிருப்பது முப்பத்தைந்து வயது ஆண். ரம்மி விளம்பரங்கள் பிள்ளைகளின் பூனைக்குட்டி விளையாட்டுக்கு நடுவே வந்து நின்றது இப்படித்தான். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. அது ஒரு வகை விளம்பரத்துக்குத்தான். கடன் செயலிக்கும் மற்ற கேம்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

“டிவியிலயும்தான் விளம்பரம் வருது, நாம வளரலையா?” என்று ஒரு வாதம் உண்டு. டிவி விளம்பரம் வரும்போது பிள்ளை எழுந்து ஓடலாம், தண்ணீர் குடிக்கலாம், பாட்டி திட்டலாம். வீட்டில் எல்லோர் காதிலும் விழும். போன் விளம்பரம் பிள்ளையின் கையை எதிர்பார்க்கிறது. தொடச் சொல்கிறது. ‘இதைப் பார்த்தால் இன்னொரு உயிர்’ என்று பேரம் பேசுகிறது. ‘சப்வே சர்ஃபர்ஸ்’ ஆடாத பிள்ளை நம் ஊரில் குறைவு. தண்டவாளத்தில் ஒரு பையன் ஓடுகிறான், பின்னாலேயே ஒரு காவலரும் நாயும். அந்த ஓட்டத்துக்கு முடிவே கிடையாது. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் கடைசியில் இடித்துக்கொண்டு விழுவதுதான் ஒரே முடிவு. ஜெயிப்பது என்ற ஒன்று அந்த விளையாட்டில் வைக்கப்படவே இல்லை. விழுந்த கணத்தில், அழுகை முட்டும் அந்த நொடியில், தொடரலாமா என்ற பேரம். ‘கேண்டி கிரஷ்’ஷில் ஐந்து உயிர், தீர்ந்தால் ஓர் உயிர் திரும்ப வர 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு. அது பெரியவர்களுக்கான விளையாட்டு என்பீர்கள். அம்மாவின் போனில் இருப்பது எதுவானாலும் அது பிள்ளையின் விளையாட்டும்தான்.

வீட்டில் கேமை நிறுத்தச் சொல்லும்போது வரும் ரகளைக்குப் பிள்ளையின் பிடிவாதத்தைக் குறை சொல்கிறோம். முடிவே இல்லாத ஒன்றை அரைகுறையில் பிடுங்கினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? கதை முடிந்த பிறகு புத்தகத்தை மூடச் சொன்னால் பிள்ளை மூடிவிடும். முடியாத கதையைத் திட்டமிட்டுச் செய்து விற்பவரைக் கேட்காமல், நாம் பிள்ளையை அடிக்கிறோம்.

இனி ‘படிப்பு’க்கு வருகிறேன். இதில்தான் படித்த பெற்றோர் சுலபமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

தமிழ் எழுத்து கற்றுத்தரும் இலவசச் செயலி ஒன்றை நாலு வயதுக்காரி ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘அ’ என்று பெரிதாக வரும். பக்கத்தில் அணில். அணிலைத் தொட்டால் கைதட்டல், நட்சத்திரம், பட்டாசு. ‘அ’வைத் தொட்டாலும் அதே பட்டாசு. அடுத்த பக்கத்தில் மூன்று படங்களைக் காட்டி ‘ஆ எங்கே?’ என்று ஒரு இயந்திரக் குரல் கேட்கும். அவள் யோசிப்பதே இல்லை. இடமிருந்து வலமாக மூன்றையும் டக் டக் டக் என்று தட்டிக்கொண்டே போகிறாள். தப்பான படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. சரியான படத்தில் பட்டாசு வெடிக்கும். யோசித்துத் தொட்டவளுக்கும் கண்ணை மூடித் தட்டியவளுக்கும் அதே பரிசு என்றால், எந்தப் பிள்ளை யோசிக்கும்? நாலைந்து எழுத்துக்கு ஒரு முறை ஒரு விளம்பரம் திரையை நிரப்புகிறது. சில நொடி கழித்து மேல் மூலையில் ஒரு சின்ன எக்ஸ் முளைக்கும், அவள் விரல் நுனியைவிடச் சிறியது. கொஞ்சம் தவறினால் பிளே ஸ்டோர் திறந்துகொள்ளும். ஒரு வாரத்தில் அவள் அந்த எக்ஸ் எங்கே வரும், எப்போது வரும் என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு விரலைத் தயாராக வைத்திருக்கிறாள். அந்தச் செயலி அவளுக்கு ஐயம் திரிபறக் கற்றுக்கொடுத்த ஒரே எழுத்து அதுதான்.

கல்வி என்று பெயர் போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. 2021-இல் ஓர் ஆய்வுக் குழு, பிள்ளைகளுக்கான கல்விச் செயலிகள் என்ற பெயரில் அதிகம் இறக்கப்படுபவை உட்பட 124 செயலிகளைப் பிரித்துப் பார்த்தது. பிள்ளை மூளையைச் செலுத்தி ஆடுகிறதா, கவனம் சிதறுகிறதா, அதன் வாழ்க்கையோடு ஒட்டுகிறதா, இன்னொருவரோடு பேச வைக்கிறதா என்பவை அளவுகோல்கள். பாதிக்கு மேற்பட்டவை அடிமட்ட மதிப்பெண் வாங்கின. இதற்கு முன்பே இந்தப் படிப்பு வியாபாரம் இரண்டு முறை சந்தி சிரித்திருக்கிறது. ‘பேபி ஐன்ஸ்டைன்’ விளையாட்டல்ல, குழந்தைகளுக்கான வீடியோ; பிள்ளையை மேதையாக்கிவிடும் என்ற நம்பிக்கையில் வீடு வீடாக வாங்கினார்கள். புகார்கள் முற்றிய பிறகு 2009-இல் டிஸ்னி நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மூளைப் பயிற்சி விளையாட்டு என்று விற்ற ‘லுமோசிட்டி’, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்த குற்றச்சாட்டில் 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டியது. பேராசிரியர்களும் டாக்டர்களும்கூட ஏமாந்த இடம் இது, நாம் எம்மாத்திரம்.

கேட்பவர் சொல்லாமல் விடும் நாலாவது நிபந்தனை ஒன்றும் உண்டு: பிள்ளை சத்தம் போடாமல் இருக்க வேண்டும். அதில் எனக்குக் கேலி இல்லை. வேலைக்குப் போய்த் திரும்பிச் சமைக்கும் தாய்க்கு இருபது நிமிடம் அமைதி தேவைப்படுவதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்த இருபது நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதுதான் பேச்சு.

எதைக் கொண்டு நிரப்பலாம்? நான் சொல்லும் முதல் பெயர் ‘டக்ஸ் பெயின்ட்’. பில் கென்ட்ரிக் என்ற அமெரிக்கர் 2002-இல் தொடங்கிய ஓவிய மென்பொருள். கட்டற்ற மென்பொருள், அதாவது உண்மையிலேயே இலவசம். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கத் தேவையில்லை, இணையமே வேண்டாம். பழைய கணினியில் ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் வரும். தமிழிலும் இருக்கிறது. பிள்ளை தூரிகையை இழுத்தால் ஒரு ஒலி. முத்திரை குத்தினால் இன்னொரு ஒலி. ‘மாயம்’ என்ற பகுதியில் வானவில், செங்கல் சுவர், புல்தரை. கோப்புக்குப் பெயர் என்ன, எந்த இடத்தில் சேமிக்க என்று பெரியவர்களைக் குழப்பும் கேள்வி எதுவும் அதில் கிடையாது. சேமி என்றால் சேமித்துக்கொள்ளும், அடுத்த நாள் குட்டிப் படமாகக் காட்டும். கீழே ஒரு பெங்குவின் அவ்வப்போது யோசனை சொல்லும், அழாது. முக்கியமாக, படம் முடிந்துவிட்டது என்று பிள்ளையே தீர்மானிக்கிறது. “அப்பா, பாரு” என்று கூப்பிடுகிறது. என் வகுப்பில் அரை மணி நேரம் கழித்துக் கணினியை அணைக்கச் சொன்னால் குறைந்த முனகலோடு அணைப்பது டக்ஸ் பெயின்ட் ஆடிய வரிசைதான்.

இது விளையாட்டா, ஓவியம்தானே என்று கேட்கலாம். நாலு வயதில் அந்த வேறுபாடு கிடையாது.

இன்னொன்று ‘ஜிகாம்ப்ரிஸ்’. புருனோ கூதுவான் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கியது. 2 முதல் 10 வயது வரை, நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஆட்டங்கள். மவுஸை நகர்த்தினால் படத்தை மூடியிருக்கும் கட்டங்கள் விலகுவது போன்ற தொடக்க ஆட்டத்திலிருந்து, ஹனோய் கோபுரம், சதுரங்கம், மதகுகளைத் திறந்து மூடிப் படகைக் கால்வாயில் ஏற்றி இறக்குவது வரை இருக்கிறது. ஒளிவு மறைவில்லாமல் சொன்னால் பாதி ஆட்டங்கள் சுமார்தான். படங்களும் கொஞ்சம் பழைய காலத்தவை. ஆனால் அந்தப் படகு மதகில் ஐந்து வயதுப் பையன் எந்தக் கதவை முதலில் திறப்பது என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கும் நேரம் இருக்கிறதே, அ-அணில் செயலி முழுதிலும் அப்படி ஒரு நொடி கிடையாது.

காசு கொடுக்க முடிந்தவர்களுக்கு: ஹியூமங்கஸ் என்ற நிறுவனம் தொண்ணூறுகளில் செய்த ‘புட்-புட்’, ‘ஃப்ரெடி ஃபிஷ்’, ‘பஜாமா சாம்’ வரிசை. இன்றும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 1994-இல் வந்த முதல் ஃப்ரெடி ஃபிஷ்ஷில் ஒரு மஞ்சள் மீனும் அதன் பச்சை நண்பனும் காணாமல் போன விதைப் பெட்டியைத் தேடிப் போகின்றன. சாவு இல்லை, தோல்வி இல்லை, கடிகாரம் இல்லை. எதைக் கிளிக் செய்தாலும் ஏதாவது வேடிக்கை நடக்கும். தேடல் முடிந்தால் கதை முடிந்தது. ஆங்கிலத்தில் பேசுவதால் நம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஆங்கிலத்தில் பேசுவதால்தான் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, அந்த மீன் என்ன கேட்கிறது என்று தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சு எந்தக் கல்விச் செயலியிலும் கிடைக்காத படிப்பு.

‘மைன்கிராஃப்ட்’ நம் பொதுக்கருத்தின் முதல் நிபந்தனையிலேயே தோற்றுவிடும். அதில் சோம்பி உண்டு, வாள் உண்டு. ஆனால் ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் போதும். ‘பீஸ்ஃபுல்’ என்று வைத்தால் பேய்கள் வராது. ‘கிரியேட்டிவ்’ முறையில் கற்கள் தீராது. ஏழெட்டு வயதுப் பிள்ளை அதில் ஊரையே கட்டும். அதே மைன்கிராஃப்ட்டில் 2017-இல் தனி நாணயத்தோடு ஒரு சந்தையைத் திறந்தார்கள். முகம் தெரியாதவர்கள் வரும் சர்வர்களும் உண்டு. இணையத்தை அணைத்துவிட்டால் ஒரு விளையாட்டு, திறந்துவிட்டால் வேறொரு விளையாட்டு. சுவீடனின் ‘டோகா போகா’வும் அப்படியே. 2011-இல் தேநீர் விருந்து, முடிவெட்டும் கடை என்று ஒரு முறை விலை கொடுத்து வாங்கும் அழகான பொம்மைகளாகத் தொடங்கியவர்கள், 2018-இல் ‘டோகா லைஃப் வேர்ல்ட்’ வந்தபோது இறக்குவதை இலவசமாக்கி, உள்ளே கடையை வைத்துவிட்டார்கள். படங்கள் அதே அழகு, வண்ணங்கள் அதே வண்ணம். பெயரை நம்பி வாங்கும் பட்டியல்கள் பழசாகிப் போவது இதனால்தான். ஆகவே பத்து நல்ல கேம் பட்டியல் ஒன்றை நானும் இங்கே தரப் போவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்றது. நம் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2 முதல் 5 வயதுக்கு ஒரு மணி நேரத்தைத்தான் எல்லையாக வைக்கிறது, அதுவும் பெரியவர் உடனிருக்க. நல்ல எல்லை. கடைப்பிடியுங்கள். ஆனால் நிமிடக் கணக்கு மட்டும் பார்த்து, அந்த ஒரு மணி நேரத்தையும் விளம்பரக்காரரிடம் ஒப்படைத்துவிட்டால் எல்லையால் என்ன பயன்?

செலவைப் பற்றி ஒரு எதிர்ப்பு வரும்: மாதம் முழுக்கக் கணக்குப் பார்க்கும் வீட்டில் விளையாட்டுக்குச் சில நூறு ரூபாயா? வேண்டாம். நான் முதலில் சொன்ன இரண்டுக்கும் ஒரு பைசா வேண்டாம். ஊரில் உள்ள இலவசங்களில் கல்லா இல்லாத இலவசம் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேடுங்கள் என்பதுதான் என் கட்சி. பிளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழேயே ‘விளம்பரங்கள் உள்ளன’, ‘செயலிக்குள் வாங்கலாம்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். நட்சத்திரத்தையும் 3+ஐயும் பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள். பிறகு பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் நீங்களே பத்து நிமிடம் ஆடுங்கள். எத்தனை இடத்தில் ஆட்டம் நிற்கிறது, எத்தனை இடத்தில் நின்று உங்களிடம் எதையாவது கேட்கிறது என்று பாருங்கள். அந்தப் பத்து நிமிடம் இல்லை என்றால் அந்தச் செயலியும் வேண்டாம்.

பக்கத்து மாநிலத்தில் இந்தத் தேடலை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டிவிடவில்லை. கேரளத்தில் ‘கைட்’ என்ற அரசு அமைப்பு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ‘களிப்பெட்டி’ என்ற கணினிப் பாடநூலைத் தயாரித்தது. டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரிஸ் போன்ற கட்டற்ற மென்பொருட்களைக் கொண்டே அதில் பாடம் நடக்கிறது. நம் அரசுப் பள்ளிகளிலும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன, கணினிகள் இருக்கின்றன. இந்த இரண்டு மென்பொருட்களையும் நிறுவ ஒரு ஆசிரியருக்கு ஒரு மதிய நேரம் போதும்; உரிமக் கட்டணம் கிடையாது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள், நல்ல கேம் எது என்று என்னைத் தனியாகக் கேட்பதற்குப் பதில், இவற்றை ஆய்வகத்தில் போட்டுத் தரும்படி கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.